வேலி ஓட்டை வழியாக வருகிறவர்கள்

அன்புள்ள அப்பா,

நேற்று போனில் "வேலை எப்படிம்மா போகுது?" என்று கேட்டீர்கள். "நல்லா போகுதுப்பா" என்றேன். மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதைச் சொல்லவில்லை. மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறீர்களா?

ஊரை ஒட்டிய ஒரு சிறு காடு மக்களுக்கு உண்மையில் எப்படிப் பயன்படுகிறது என்று கணக்கெடுக்கிறேன். பயனில்லை என்று அறிக்கை போனால் மரங்களை வெட்டிவிட்டுக் கார் நிறுத்துவார்கள். காட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தவரை ஒருவரும் வரவில்லை. எல்லோரும் பின்பக்க வேலி ஓட்டையில் நுழைகிறார்கள் என்று தெரிந்ததும் நாற்காலியை அங்கே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

"வாசல் கணக்கு போதும்மா. பூஜ்யம்னு போடு" என்றார் மேலதிகாரி.

"பின்னாடி வந்து கீரை பறிக்கிறாங்க சார். ஒரு அக்கா தினமும் மரத்தடியில அழுதுட்டுப் போறாங்க."

"அழுறதெல்லாம் ஒரு பயனா?"

"வீட்ல அழ இடமில்லாதவங்களுக்குப் பயன்தான் சார். நான் பூஜ்யம் போடமாட்டேன். வேணும்னா நீங்க போட்டுக் கையெழுத்தும் போடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை.

கவலைப்படாதீர்கள், நன்றாகச் சாப்பிடுகிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள், துவைக்காமல். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்

பி.கு.: என் கணக்கு அப்படியே மேலே போய்விட்டது. திங்கட்கிழமை முதல் எனக்கு வேறு ஊரில் வேலை.