சம்பந்தி அணிக்கும் நானே ஆள் எடுத்தேன்

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் போன் இப்போது என் வீட்டில், என் போனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உறையைத் திறந்தாலே தைல வாசம். முழங்காலுக்குத் தேய்த்த கையோடுதானே எப்போதும் போனை எடுப்பீர்கள், அது ஊறிப்போயிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளைதான் தேனியிலிருந்து கம்பத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "அத்தை, இதுலதான் அம்மாவோட டீம் இருக்கு. கயலு ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னா" என்றார். உங்கள் மகன் அதிகம் பேசுகிறவர் இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அம்மாவச் சும்மா தோக்க விட்டுறாதீக அத்தை" என்றார்.

"சும்மா தோக்க விட மாட்டேன் மாப்பிள்ளை. சண்டை போட்டுத்தான் தோக்கடிப்பேன்" என்றேன். அவர் சிரித்ததைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துக்கத்தில் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஆட்டம் தொடங்கப் போகிறதே, அந்தப் பரபரப்பு. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு எந்தப் பந்து வீச்சாளனுக்குத் தோள் வலி, எவன் பயிற்சி ஆட்டத்தில் வெளுத்து வாங்குகிறான் என்று போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். குழம்பு இரண்டு முறை அடிப்பிடித்தது.

என் மகளை உங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்து எத்தனை காலமாயிற்று. அதில் பெரும்பகுதி நாம் இருவரும் பேசியது என்ன? "வாங்க", "நல்லாருக்கீகளா", "ஆண்டிபட்டியில மழை உண்டா", "இன்னொரு இட்லி வைக்கட்டுமா". அவ்வளவுதான். நீங்கள் மாப்பிள்ளை வீடு, நான் பெண் வீடு. நீங்கள் உட்காரும் வரை நான் நிற்பேன். நீங்கள் கை கழுவும் வரை நான் இலையில் கை வைக்க மாட்டேன். அது உங்கள் குற்றமும் இல்லை, என் குற்றமும் இல்லை. அப்படித்தான் பழக்கம்.

அதைக் கலைத்தது நம் பேத்தி கயல். வேலைக்கென்று அமெரிக்கா போனவள், அங்கே ஒரு ஊரில் குடியிருந்து, அந்த ஊர் பேஸ்பால் அணியின் மேல் பைத்தியமாகிவிட்டாள். வருஷா வருஷம் தோற்கிற அணி. தோற்கிற அணிமேல்தான் அவளுக்குப் பாசம். அது உங்கள் வீட்டு ரத்தம் என்று நான் சொல்வேன், எங்கள் வீட்டுப் பிடிவாதம் என்று நீங்கள் சொல்வீர்கள். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவர்களை எல்லாம் சேர்த்து ஒரு போட்டியையும் தொடங்கினாள். அத்தனை பேரும் அவள் சொன்னால் கேட்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை தாங்காது.

அது என்ன போட்டி என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் இப்படித்தான் விளக்குவேன். நிஜமான ஆட்டம் அங்கே நடக்கிறது. எந்த அணியில் இருக்கிற ஆளாக இருந்தாலும் சரி, நமக்குப் பிடித்தவர்களைப் பொறுக்கி, போனுக்குள் நமக்கென்று ஒரு அணி கட்டிக்கொள்ளலாம். நம் ஆள் அங்கே பந்தை வேலிக்கு வெளியே அடித்தால் நமக்கு இங்கே புள்ளி. ஆனால் ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. வம்பெல்லாம் அங்கேதான்.

போட்டி தொடங்கிய வருஷம் கயல் விடுப்பில் வந்திருந்தாள், நம்மையும் அதில் சேர்த்துவிட்டாள். ஆள் எடுக்கிற நாளன்று என் மகளின் தேனி வீட்டில் நம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் போனைக் கொடுத்தாள். முதலில் எடுக்கிற முறை எனக்கு வந்தது. நான் பழக்க தோஷத்தில், "மொதல்ல சம்பந்தி எடுக்கட்டும்" என்றேன். நீங்களும் விடவில்லை. "இல்லல்ல, நீங்க எடுங்க." "அது எப்பிடி, நீங்க இருக்கையில?" "சும்மா எடுங்க சம்பந்தி." இப்படி நாம் மரியாதை செய்துகொண்டே இருக்க, எடுக்கக் கொடுத்த நேரம் முடிந்து, போனே எனக்கு ஒரு ஆளை எடுத்துக் கொடுத்துவிட்டது. கயல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மாச்சி, அப்பத்தா, ரெண்டு பேரும் கேளுங்க. இது பந்தி இல்ல!"

அடுத்த முறையாவது எடுத்தேனா? நல்ல ஆளாகப் பார்த்து விரலால் காட்டி, "இவன் லெட்சணமா இருக்கான், இவன நீங்க வச்சுக்கங்க" என்று உங்களுக்கு விட்டுவிட்டு, பல் உடைந்த ஒருவனை நான் எடுத்துக்கொண்டேன். பிறகு அடுப்படிக்கு வந்தீர்கள். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். முதல் தடவையாக என்னை மதினி என்று கூப்பிட்டீர்கள்.

"இங்க பாருங்க மதினி. பந்தியில விட்டுக்குடுங்க, சீர்ல விட்டுக்குடுங்க, வேணாங்கல. வெளையாட்டுல விட்டுக்குடுத்தீக, எனக்கு மருவாத செஞ்சதா நெனைக்க மாட்டேன். என்னைய ஒரு ஆளாவே மதிக்கலன்னு நெனைப்பேன்."

அதோடு போயிற்று நம் மரியாதை. அடேயப்பா, அதற்குப் பிறகு நாம் போட்ட சண்டையென்ன! எங்கள் கம்பத்துப் பன்னீர் திராட்சையை நினைத்து என் அணிக்குப் 'பன்னீர்க்கொத்து' என்று பெயர் வைத்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் வீசும் காற்றை நினைத்து உங்கள் அணிக்கு நீங்கள் 'கணவாய்க் காத்து' என்று வைத்தீர்கள். நாம் இருவரும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். ஆட்டக்காரர்களின் இங்கிலீஷ் பெயரை எங்கே வாசிப்பது? முகத்தைப் பார்த்து நாமே பெயர் சூட்டினோம். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே நிற்பவன் வெத்தலைவாயன். ஓடும்போது தொப்பி பறக்கிறவன் காத்தாடி. நரை விழுந்த தாடியோடு நெடுநெடுவென்று நின்று பந்து வீசுகிறவனுக்கு மயிலை என்று காளை மாட்டின் நிறத்தைப் பெயராக வைத்தீர்கள். அவன் கயல் ஊர் அணிக்காரன். உங்கள் செல்லம்.

பங்குனி பிறந்தால் கயல் போட்டிக்காரர்களின் போன் குழுவில் கேட்பாள், "நம்ம ஊர் டீமு இந்த வருஷம் எத்தனாவதா வரும்?" எங்கேயோ இருக்கிற ஊர், அது நம்ம ஊர்! நீங்கள் ஒவ்வொரு வருஷமும் "கோப்பைதான்" என்பீர்கள். நான் "கடைசிக்கு முந்தி" என்பேன். பெரும்பாலும் நான் சொன்னதுதான் நடந்தது. அதைச் சொல்லிக்காட்டினால் உங்களுக்கு மூக்கு விடைக்கும்.

"ஒங்களுக்கென்ன மதினி, லோயர் கேம்ப்ல பெரியாத்துத் தண்ணி தொறந்துட்டாகளான்னு கேட்டுட்டு நாத்துப் பாவுற ஆளு. எங்க பக்கம் மேகமே இல்லாதப்பவும் வெதச்சுட்டு நிக்கணும். பெய்யும்னு நெனைக்கத் தெரியாதவுக ஆண்டிபட்டியில குடும்பம் நடத்த முடியாது."

அந்த மயிலைக்குத்தான் போன வருஷம் ஆட்டம் தொடங்கியதுமே தோள் பிசகி அறுவை சிகிச்சை செய்தார்கள். கயல் படித்துப் படித்துச் சொன்னாள். "அப்பத்தா, அவன் இந்த வருஷம் ஆடவே மாட்டான். தூக்கிப் போட்டுட்டு வேற ஆள எடு." நீங்கள் கேட்டீர்களா? "மாட்டுக்குக் காலு ஒடிஞ்சா ஒடனே கசாப்புக்கடைக்கு ஓட்டிருவியா? அது பாட்டுக்குத் தொழுவத்துல கெடக்கட்டும்டி" என்றீர்கள். வருஷம் முழுக்க அவனுக்குரிய இடம் சும்மா கிடந்தது. என் பன்னீர்க்கொத்து உங்களை மிதித்துக்கொண்டு மேலே போனது.

தோற்றவர் வீட்டிலிருந்து ஜெயித்தவர் வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் போக வேண்டும் என்பதுதான் நம் பந்தயம். போன வருஷத்துக்கு முந்தி எல்லா வருஷமும் நான்தான் தோற்றேன். பெண் வீட்டிலிருந்து எப்படியும் பலகாரம் போகும் என்பதால் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. போன தீபாவளிக்கு நீங்கள் தூக்குவாளியோடு ஆண்டிபட்டியிலிருந்து பஸ் ஏறியபோதுதான் தெரிந்தது. உங்கள் நாத்தனார் வழிமறித்துக் கேட்டாராம், "மாப்பிள்ளையப் பெத்தவ பொண்ணு வீட்டுக்குப் பலகாரம் தூக்கிட்டுப் போறதா? ஊரு சிரிக்காது?" என்று. "சிரிக்கட்டும். தோத்தவ தூக்குறா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டீர்களாம்.

என் வீட்டு வாசலில் நின்று வாளியை நீட்டினீர்கள். எனக்குக் கூச்சம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து வாங்கப் போனேன்.

"ஜெயிச்சவ மாதிரி நிமிந்து வாங்குங்க. இப்பிடிக் குனிஞ்சா நான் தோத்ததுக்கே மதிப்பில்லாமப் போயிரும்."

நிமிர்ந்து வாங்கினேன். "முறுக்கு கடுக்குனுதான் இருக்கும். வயித்தெரிச்சல்ல சுட்டது" என்றீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தின்றோம்.

மார்கழியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

மாசியில் கயல் கூப்பிட்டாள். சுற்றி வளைத்துப் பேசினாள். பிறகு மெதுவாக, "அம்மாச்சி, அப்பத்தா டீமு சும்மா கெடக்கு. இங்கன ஒருத்தி சேத்துக்கச் சொல்றா. அவளுக்குக் குடுத்துரவா?" என்றாள்.

"ஏ ஆத்தா, யாரக் கேட்டுக் குடுக்குற? நான் பாத்துக்கிறேன்."

"ரெண்டு டீமையும் நீயேவா? மத்தவுக ஒத்துக்க மாட்டாக அம்மாச்சி. ஒண்ண வச்சு இன்னொண்ணத் தூக்கி விட்டுருவீகம்பாக."

நான் பிடித்த பிடியில் நின்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். என் அணிக்காக உங்கள் அணியைக் கெடுப்பதாகவோ, உங்கள் அணிக்காக என் அணியை விட்டுக்கொடுப்பதாகவோ சந்தேகம் வந்தால் போதும், கணவாய்க் காத்து அழிக்கப்படும். உங்கள் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து போய்விடும். மாப்பிள்ளை உங்கள் போனைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் எடுத்தோம். சாப்பாட்டு மேசையில் இடப்பக்கம் உங்கள் போன், வலப்பக்கம் என்னுடையது. கயல் வீடியோவில் இருந்தாள். வருஷா வருஷம் பழைய அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகத்தானே எடுக்க வேண்டும், மயிலையும் பொதுவில்தான் கிடந்தான். தோள் சரியாகித் திரும்பியிருக்கிறான். பயிற்சி ஆட்டத்தில் அவன் வீசியதைப் பார்த்தேன் சம்பந்தி. பந்து கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அறுவை சிகிச்சை செய்தவன் என்று பயந்து யாரும் அவனைத் தொடவில்லை. சுற்று மேல் சுற்றாகப் போகிறது, அவன் அப்படியே கிடக்கிறான். ஒரு சுற்றில் என் முறை வந்தது. எனக்கு அடுத்து உங்கள் முறை.

எனக்குப் பந்து வீச ஒரு ஆள் வேண்டியிருந்தது. மிச்சமிருந்தவர்களில் அவன்தான் கெட்டி. உங்களுக்கு விட்டுவிடலாமா என்று மனசு ஒரு நொடி வழுக்கியது. போனில் நேரம் ஓடுகிறது. எனக்குப் பின்னால் வேறு யாராவது இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டேன். கொத்திக்கொண்டு போயிருப்பேன். அப்புறம் உங்களுக்கு மட்டும் என்ன சலுகை? அமுக்கிவிட்டேன்.

"அடிப்பாவி அம்மாச்சி! அப்பத்தா ஆளத் தூக்கிட்டியே!" என்று கயல் அலறினாள்.

இப்போது உங்கள் போனில் நேரம் ஓடத் தொடங்கியது. நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டுவதிலேயே பாதி நேரம் போயிருக்கும். அதனால் நானும் பாதி நேரம் சும்மா இருந்தேன். பட்டியலில் நல்ல அடிக்காரன் ஒருவன் இருந்தான், நிதானமானவன், வருஷம் தவறாமல் புள்ளி கொடுக்கிறவன். விரல் அவனிடம் போய்விட்டது. அவன் என் ருசிக்கு ஏற்ற ஆள், உங்கள் ருசிக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனேன். மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்ட ஒரு ஒல்லிப் பையன். ஆடி மாதம்தான் ஆட வருவானாம். போட்டோவில் கட்டுப் போட்ட கையோடு பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். உங்கள் அணிக்கு அவனை எடுத்தேன்.

குழுவில் ஒரே அமளி. கயல் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். 'நல்ல ஆள் இருக்கும்போது கை ஒடிந்தவனை எடுத்து அந்த அணியைக் கெடுக்கிறார், நான் சொன்னேன் அல்லவா' என்று ஒருவன் எழுதியிருந்தான். நல்லது செய்யப் போய் நானே உங்களை அழித்துவிட்டேனோ என்று உங்கள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது இன்னொருவன் எழுதினான். தொடக்கத்திலிருந்து நம்மோடு ஆடுகிறவன், உங்களிடம் அடிக்கடி தோற்றவன். கயல் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "'அந்தம்மாகூட நான் எத்தன வருஷம் ஆடியிருக்கேன், அவுக இருந்தா இவனத்தான் எடுத்திருப்பாக'னு எழுதியிருக்கான் அம்மாச்சி." மற்றவர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டார்கள். கணவாய்க் காத்து நிலைத்துவிட்டது.

கயல் ஊர் அணி எத்தனாவதாக வரும் என்ற கணிப்பையும் இருவருக்குமாக எழுதியாயிற்று. உங்கள் பெயரில் 'கோப்பைதான்'. என் பெயரில் 'பாதிக்கு மேலே வரும்'. மயிலை திரும்பியதால் அவ்வளவு தூரம் வந்தேன். அதற்கு மேல் கை வரவில்லை, என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நாளைக் காலை முதல் ஆட்டம். எந்த வாரம் யார் அணி யார் அணியோடு மோதுவது என்று பட்டியல் வந்துவிட்டது. முதல் வாரமே நீங்களும் நானும்தான். அதைப் பார்த்ததும் எனக்குள் குபீரென்று ஏறியதே ஒன்று, அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல். நீங்கள் போன பிறகு எத்தனையோ ஆசைகள் சுருங்கிவிட்டன. உங்களைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருக்கிறது. அதை நான் எங்கும் இறக்கி வைக்கப் போவதில்லை. உங்கள் அணியிலும் நாளை ஆட வேண்டியவர்களைப் போனில் குறித்துவிட்டேன், நல்ல ஆள் எவனையும் ஒதுக்கி வைக்கவில்லை. விடிந்ததும் இறங்கட்டும், ஒரு கை பார்க்கிறேன்.

உங்கள் மதினி