அடி கனத்த குண்டான்

நியூ நார்ஃபோக்,
மார்ச் 17, ஞாயிறு.

இல்லை ஃப்ரெயா, இருபது லிட்டர் உனக்கு வேண்டாம். பெர்கனில் உன் அறையில் இருப்பது இரண்டு வட்டம் உள்ள மின் அடுப்பு. அது இருபது லிட்டரைக் கொதிக்க வைக்காது, வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு உன்னை ஏமாற்றும்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சளி இல்லாமல், சாப்பிட்டு, தூங்கி, இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம். நான் பெரும்பாலும் நலம். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்காகத்தான் காகிதத்தில் எழுதுகிறேன்; திரையில் பேசினால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாய், என்னால் முடிக்க முடியாது. முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். பீர் காய்ச்சப் பன்னிரண்டு லிட்டர் குண்டான் வாங்கு. அதில் ஒன்பதுக்கு மேல் நிரப்பாதே, நுரைக்கு இடம் வேண்டும். கடையில் அடியைக் கவிழ்த்து விரல் முட்டியால் தட்டிப்பார். மணி போல ஒலித்தால் வைத்துவிட்டு வா. ‘தொப்’ என்று ஒரு சோம்பேறிச் சத்தம் வந்தால் அதுதான் கனமான அடி. கைப்பிடி இரண்டும் உன் முழுக் கைக்கும் இடம் தர வேண்டும், கைத்துணியோடு சேர்த்து. கடையில் நீர் நிரப்பித் தூக்கிப்பார்க்க முடியாது என்றால் அதே எடையில் ஏதாவது மூட்டையைத் தூக்கிப்பார். கொதிக்கும்போதுதான் கை தளர்கிறது என்று தெரிந்து பயனில்லை. மால்ட்டை, அந்த முளைகட்டிய பார்லியை, துணிப்பையில் கட்டிப் போடும்போது அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வை. பை நேராக அடியில் உட்காரக் கூடாது. இது எனக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். ஆனாலும் டிசம்பரில் நான் தட்டு வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை என்றால், எப்போதுமே வைத்ததில்லை. நம் பழைய குண்டான் தகடு போல மெலிந்தது, உனக்கு நினைவிருக்கும். பை அடியில் பிடிக்கத் தொடங்கும் நொடியில் ஒரு வாசனை வரும், ரொட்டி ஓரம் கருகுவதற்குச் சற்று முன்பு வருவது. நான் பையைத் தூக்கிவிடுவேன். மூக்கு இருந்ததால் தட்டு தேவைப்படவில்லை. டிசம்பரில் அந்த வாசனை வரவில்லை. நான் அடுப்பருகே நின்றுகொண்டுதான் இருந்தேன். பை அடியில் பிடித்துக் கருகியது, நான் கிளறிக்கொண்டிருந்தேன். புட்டியில் அடைத்தேன். ஜனவரியில் பக்கத்து வீட்டு நெவ் தோட்டத்தில் இறைச்சி சுட்டபோது பன்னிரண்டு புட்டியையும் கொண்டுபோனேன். நெவ் ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏம்மா நரேல், இது பீரா, இல்ல எவனாவது டயரக் கொளுத்துனானா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, “வேணும்னுதான் புகை போட்டேன், உங்களுக்கெல்லாம் நாக்கு பழகல” என்றேன். அப்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு புட்டியை முழுதும் குடித்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டார், “எத்தன நாளா?” என்று. “போன வருஷ ஜனவரிக் காய்ச்சல்லேர்ந்து” என்றேன். ஒரு வருடம், ஃப்ரெயா. காய்ச்சல் போனது, மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. காப்பி வெந்நீர். சாக்லெட் இனிப்பான மெழுகு. அப்பாவின் கழுத்தில் முகம் வைத்தால் தோல், அவ்வளவுதான். அப்பா பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, “அப்ப நான் வருஷம் பூரா குளிக்காமலே இருந்திருக்கலாமேடி” என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. உலர்த்தும் கொட்டகையில் என் வேலையே மூக்குதான். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் அந்த ஹாப்ஸ் பூவை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, காய்ந்தது போதும் இறக்கு என்று சொல்பவள் நான். போன அறுவடையில் முகர்வது போல நடித்தேன். காம்பு முறியும் சத்தத்தை வைத்துச் சொன்னேன். நல்லவேளை, எதுவும் கெடவில்லை. இந்த வருடம் அந்தத் துணிச்சல் வரவில்லை. முதுகுவலி என்று சொல்லி வீட்டில் இருக்கிறேன். மூக்கு திரும்பாவிட்டால் நான் அங்கே யார் என்று தெரியவில்லை. இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும்.

நேற்று சனிக்கிழமை. காலையில் நெவ் ஒரு வாளி பச்சை ஹாப்ஸ் பூவோடு வந்து நின்றார், தன் வேலியில் ஏறும் கொடியிலிருந்து பறித்தது. “இருட்டுறதுக்குள்ள கொதிக்க வெச்சிரு, இல்லன்னா கோழிக்குப் போட்டுரு” என்றார். பச்சைப் பூ அப்படித்தான், மறுநாள் வரை காத்திருக்காது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா உள்ளே போய் ஒரு புதுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போது வாங்கினார், தெரியாது. அடி என் கட்டைவிரல் கனம். உள்ளே ஒரு தட்டைக் கவிழ்த்தும் வைத்திருந்தார்.

ஆகவே காய்ச்சினேன். அறுபத்தேழு டிகிரியில் மால்ட் பை ஒரு மணி நேரம் ஊறியது. தூக்கி வடியவிட்டேன். பிறகு கொதி. இந்த இடத்தை நீ கவனித்துப் பார்க்க வேண்டும் கண்ணே, நான் இத்தனை வருடம் மூக்காலேயே வாழ்ந்து இதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. சேறு போலக் கலங்கிய சாறு. நுரை ஒரு விலங்கு எழுவது போல எழும்பியது. அடுப்பைத் தணித்தேன். நுரை தனக்குள்ளேயே விழுந்தது. அடியில், முட்டை திரிவது போல, துணுக்குகள் திரிந்து சுழன்றன. அவற்றுக்கு இடையே தேன்நிறத்தில் ஒரு தெளிவு. யாரும் எதையும் செய்யவில்லை. வெப்பம் மட்டும்தான். கலங்கலுக்குள்ளேயே தெளிவு இருந்திருக்கிறது. நான் கரண்டியை வைத்துவிட்டு நின்றேன். தேவாலயத்தில்கூட அப்படி நின்றதில்லை.

நெவ்வும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்கப் பூவைக் கொட்டினேன். ஆவி முகத்தில் அடித்தது. நான் நிமிர்ந்து, “நெவ், உங்க நாய ஏன் உள்ள விட்டீங்க? நனைஞ்சு கெடக்கு” என்றேன். நெவ், “நாயா? அது செத்து மூணு வருஷமாச்சேம்மா” என்றார். நான் மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். நாய் இல்லை. மறுபடி குண்டான்மேல் குனிந்தேன். நாய் இருந்தது. மழையில் நனைந்த, கிழட்டு, அழுக்கு நாய். பக்கத்தில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நெவ்வுக்குப் புரியவில்லை. “என் தோட்டத்துப் பூவ நாய்ங்கிறியா நீ?” என்று கோபித்தார். அப்பா மெல்லக் கேட்டார், “நாறுதா?” என்று. “நாறுது, ரொம்ப நாறுது” என்றேன். அவரும் குனிந்து முகர்ந்து, “எனக்கு ஆரஞ்சுத் தோலாட்டம் இருக்கு” என்றார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, ஆவியில் இரண்டும் ஒன்றுதான். அப்பா ஓடி ஓடிக் காப்பிப் பொடி, சோப்பு, தைலம், கடைசியில் தன் பூட்ஸ் வரை கொண்டுவந்து நீட்டினார். எதுவும் இல்லை. குண்டான் மட்டும். அதுவும் ஏழெட்டு மூச்சு. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

ஹோபார்ட் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், திரும்பினால் முதலில் தப்பாகத்தான் திரும்பும், சரியாகவே ஆகாமலும் போகலாம் என்று. அதைக் கேட்டபோது பயந்தேன். இப்போது பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு பூவிலிருந்து ஏதோ ஒன்று, கண்ணுக்குத் தெரியாதது, எடையில்லாதது, கிளம்பி ஆவியில் ஏறி, பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்து, தவறான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. தவறான பெயர்தான். கூப்பிட்டதே!

சாறு இப்போது அலமாரியில் ஈஸ்ட்டோடு நொதிக்கிறது. நீ காய்ச்சும்போது மூடியைப் போட்டுக் கொதிக்கவிடாதே, முட்டைக்கோஸ் வாடை தங்கிவிடும், ஆவி போகட்டும். தட்டை மறக்காதே, உனக்கு நல்ல மூக்கு இருந்தாலும். முதல் தடவை கெட்டுப்போனால் கொட்டிவிடு, எனக்கும் சொல். நான் செய்தது போல ஒளிக்காதே. கம்பளிக் காலுறை இரண்டு சோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ தொடுவதெல்லாம் நன்றாக வர வேண்டும், உன் கையும் மனமும் சுடாமல் இருக்க வேண்டும். அப்பா தன் முத்தத்தையும் இதிலேயே வைக்கச் சொன்னார்.

என்றும் உன்,
அம்மா நரேல்.

பி.கு. கையெழுத்துப் போட்டபின் கொட்டகை மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி செய்து மூக்கு விஷயத்தைச் சொன்னேன். நாளை காலை ஏழு மணிக்கு, முகர்வதற்கு அல்ல, பூ மூட்டை தைக்க வரச் சொன்னாள்.