களை நட்ட கங்காணிக்கு

அண்ணே,

இன்று காலை தானா ராத்தா டவுனில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இயந்திரம் வைத்துப் புல் வெட்டினார்கள். அந்தப் பச்சை வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் வழக்கம்போல எனக்கு நெஞ்சு பக்கென்றது. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். புல் வெட்டினால் பதறுகிற ஒரே அரசு ஊழியர் நான்தானாம். இப்படி ஆனது யாரால் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே கைவிடப்பட்ட பழைய ஈயச் சுரங்கத்தைச் சீர்செய்யும் வேலைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். தோண்டிப் போட்ட மண்மேடுகளை நல்ல மண்ணால் மூடி, புல் விதைத்து, அடியில் சேறு தங்குவதற்குக் குளங்கள் வெட்டினோம். மழைநீர் சுரங்கத்து நஞ்சை அடித்துக்கொண்டுபோய் ஓடையில் கலந்துவிடக் கூடாது. அந்த ஓடைத் தண்ணீர்தான் உங்கள் தொழிலாளர் லயத்து வீடுகளின் குழாய்களில் வந்தது. புல் முழங்கால் உயரம் வளர்ந்தபோது நான் பூரித்துப் போனேன். உங்களுக்கோ அதைப் பார்த்தாலே கை அரித்தது. தேயிலை நிரையில் ஒரு களையைக்கூட விட்டுவைக்காமல் ஆட்களை விரட்டிய கங்காணி அல்லவா நீங்கள்.

தோட்டத்துக் கோயில் திருவிழா நெருங்கிய சமயம், அலுவலகக் கூட்டத்துக்காகக் கோலாலம்பூர் போய்த் திரும்பினேன். சரிவு மொட்டையாகக் கிடந்தது. திருவிழாவுக்குத் துப்புரவு என்று ஆட்களைக் கூட்டி வந்து, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் பெருக்கியும் வைத்திருந்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி மேடம்? காடு மாதிரி கிடந்துச்சு. இப்ப பாருங்க, ஜோரா இருக்குலா!"

நான் கத்தினேன். "அது களையில்லண்ணே! மண்ணைப் புடிச்சுக்கிட்டு இருந்ததே அதுதான்! இப்ப மழை வந்தா எல்லாம் உங்க வீட்டுக் கொழாயிலதான் வரும்!"

எனக்கென்ன தெரியும் என்று ஒரு வார்த்தைகூட நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. பிரிஞ்சாங் மலைப் பக்கம் வானம் கறுத்திருந்ததைப் பார்த்தீர்கள். "திட்டுறத அப்புறம் வச்சிக்கலாம் மேடம். இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

திருவிழாப் பந்தலுக்கு வைத்திருந்த தார்ப்பாய்கள் எல்லாம் சரிவுக்கு வந்தன. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். "அம்மன் நனைஞ்சா கோவிச்சுக்க மாட்டா. இந்தச் சேறு புள்ளைங்க வயித்துக்குள்ள போனா நீ என்னாடா செய்வ?" என்று அவர் வாயை அடைத்தீர்கள். ஆனாலும் பாதிச் சரிவைத்தான் மூட முடிந்தது. மழை கொட்டியது. குளங்கள் வழிந்து, சிவந்த சேறு ஓடையில் இறங்கியது. நீங்கள் நனைந்துகொண்டே வீடு வீடாகப் போய், "கொழாயத் தொறக்காதீங்க, எல்லாம் என்னாலதான்" என்று சொன்னீர்கள். ஓடை தெளியும்வரை லயத்துக்கு லோரியில்தான் தண்ணீர் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நாள் தலைகாட்டாமல் இருந்திருப்பார்கள். நீங்கள் மழை விட்டதும் ஒரு சாக்கு நிறையப் புல் நாற்றுகளோடு சரிவில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். களை நட்ட கங்காணி என்று தோட்டமே கேலி செய்தது. "ஆமாண்டா, நின்னு சிரிக்காம வந்து நடு" என்று கேலி செய்தவர்களையே வேலைக்கு இழுத்தீர்கள். புல் மறுபடி எழுந்தது. அதற்குப் பிறகும் உங்களுக்குப் பயம் போகவில்லை. பெருமழை பெய்தால், நான் ஓடையைச் சோதித்துச் சொல்லும்வரை லயத்தில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டமே போட்டுவிட்டீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அன்றும் விடியும்வரை மழை. செய்தி கேட்டும் நான் நேராக உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அழுதுகொண்டே மேலே ஏறினேன். சரிவு அசையவில்லை. குளங்கள் தாங்கியிருந்தன. ஓடையில் பல இடங்களில் நீர் எடுத்து, கருவியில் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு இறங்கினேன். சேறு அப்பிய பூட்சோடு உங்கள் வாசலில் நின்றபோது சனமெல்லாம் என்னையே பார்த்தது. தாமதமாக வந்ததற்குக் கோபம் என்று நினைத்துத் தலை குனிந்தேன். அண்ணி எழுந்து வந்தார்.

"தண்ணி எப்படிம்மா இருக்கு?"

"தெளிவா இருக்கு அண்ணி. நல்லாருக்கு."

அண்ணி உள்பக்கம் திரும்பினார். "கொழாயத் தொறங்க. அவரக் குளிப்பாட்டலாம்."

அதுவரை எனக்காகத்தான் காத்திருந்தார்கள், அண்ணே. எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் சொல்லை யாரும் அப்படி நம்பியதில்லை. அந்த நம்பிக்கைக்குப் பயந்துதான் இன்றும் ஒவ்வொரு மழைக்கும் மலையேறுகிறேன்.