சாளையில் இருந்த ஐந்து கிட்டார்கள்

நேற்று கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் அடியில் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடந்தது. உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும், தின்னக் கூடாது என்று மேலே எழுதியிருக்குமே, அதுதான். யோசிக்காமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் குனிந்தபோது அது தொட்டிக்குள் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது, இதை வாங்கிக்கொள்ள நீ இல்லை என்று.

சித்தூரில் இருந்த செருப்புக் கடைக்காரர்களுக்கெல்லாம் உன்னைத் தெரியும். வில்லேஜ் ஆபீஸ் கிளார்க், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, "அண்ணே, அந்தப் பொட்டலம் மட்டும் எடுத்து வச்சிருந்தா குடுங்க" என்று கேட்டால் யாருக்குத்தான் மறக்கும்? உண்மையில் எதற்கென்று ஒருவரிடமும் சொன்னதில்லை. வீட்டில் ஆவணங்கள் பூஞ்சை பிடிக்கின்றன என்பாய். அந்தப் பொட்டலங்கள் எல்லாம் பெருமாட்டியில் என் தோப்புச் சாளையில், அந்த ஒற்றை அறைக் குடிலில், உன் பேஸ் கிட்டார்களின் பெட்டிகளுக்குள் போயின. வெளியே தெரியாத உன் வாழ்க்கை முழுக்க அந்தத் தகரக் கூரைக்கு அடியில்தான் இருந்தது.

நாம் இரண்டு பேரும் ஒரே கானமேளா குழுவில் இருந்தோம். நீ வண்டிப்பெரியாரிலிருந்து வேலை கிடைத்து இங்கே வந்தவன். நான் தென்னந்தோப்புக்காரர் வீட்டு ஒரே மகன். உனக்கு பேஸ், எனக்கு ட்ரம். மேடையில் பாடுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். "கேக்குறவனுக்கு நான் இருக்கிறதே தெரியக் கூடாது மாப்ள. நிறுத்தினா மட்டும் தெரியணும்" என்பாய். நீ சொன்னதில் எனக்குப் பிடித்த பேச்சு அது. அதே பேச்சு இப்போது என்னைக் குத்துகிறது.

பிறகு கோவிந்தாபுரத்துத் திருவிழா. உனக்கு அது எத்தனை தடவை திரும்பத் திரும்ப நினைவில் வந்ததோ, எனக்குத் தெரியாது. நாம் மேடையில் இருந்தபோது, சித்தூரில் உன் பக்கத்து வீட்டு போனுக்குச் செய்தி வந்தது. உன் மனைவி மரகதத்தின் அப்பா வண்டிப்பெரியாரில் இறந்துவிட்டார். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் உனக்காகக் காத்திருந்தாள். உன்னிடம் அப்போது செல்போன் இல்லை. நிகழ்ச்சி முடிந்து, சாமான்களை வண்டியில் ஏற்றி, நீ வீடு சேர்ந்தபோது விடிந்துவிட்டது. பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறி நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவரை எடுத்துவிட்டார்கள். எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

திரும்பி வந்த அன்று அவள் சொன்னாள்: "இனிமே அந்தக் கிட்டார் கட்டை இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

நீ பண்ணினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போர்வையில் சுற்றிய உன் சிவப்பு பேஸ் கிட்டாரை ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக்கொண்டு என் தோப்புக்கு வந்தாய். "வீட்டு வாசப்படிதான மிதிக்கக் கூடாதுன்னா? இது உன் வாசப்படிலே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பத்தொன்பது வருடம் நம்மைக் கட்டிப்போடப் போகிற கயிற்றை அன்று நாமே சிரித்துக்கொண்டே முடிந்தோம்.

குழுவிலிருந்து நீ விலகினாய். சில மாதங்களில் குழுவும் கலைந்தது. எனக்கு எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்தது. அதே மாதம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். "தோப்ப யாரு பாக்கறது?" என்று வாய் கோணியபடி அவர் கேட்டார். எர்ணாகுளத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்பாவைக் குளிப்பாட்டவும், தேங்காய் வெட்டுக்கு ஆள் பிடிக்கவும், மோட்டாரைப் போட்டு நிறுத்தவும் என் நாட்கள் போயின. ஞாயிறு மூன்று மணிக்கு உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் எனக்கு மூச்சு வரும்.

சிவப்புக்குத் துணையாக ஒவ்வொன்றாக வந்தன. கோட்டயத்தில் ஒரு ஓய்வுபெற்ற வாசிப்பாளரிடமிருந்து வாங்கிய ஜப்பான்காரன், நடுவில் தேன் நிறம், ஓரத்தில் கருப்பு. அதைப் பார்க்கப் போன அன்று அவர் நம்மை உட்காரவைத்துச் சாயா கொடுத்து, கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து உன் மடியில் வைத்தார். நீ ஒரு கம்பியை மட்டும் தட்டிவிட்டு, அது ஓயும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். "இதுக்குள்ள வேற ஆளு இருக்கான்லே" என்று என் காதில் சொன்னாய். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதைக் காலுக்கு நடுவில் நிறுத்தி, யாரும் மோதாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டு வந்தாய். பிறகு, விரலுக்கு இடம் காட்டும் ஃப்ரெட் கம்பிகள் இல்லாதது ஒன்று. அதில் விரல் ஒரு மயிரிழை தள்ளினாலும் சுருதி போய்விடும். ஒரு வருடம் அதனுடன் சண்டை போட்டாய். பிறகு நெக், அதன் நீண்ட கழுத்து, குட்டையாக இருந்த நீலம். கடைசியாக ஐந்து கம்பி வைத்த கருப்பு. அது என் பெயருக்கு, என் முகவரிக்குப் பார்சலில் வந்தது. கொண்டுவந்த பையன், "அண்ணா பாட்டுக்காரருங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

தை மாதம் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கினால் மரம் காய்ந்து நெக் பின்னால் வளையும், கம்பி ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும். நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டை நீ எல் சாவியால் கால் திருப்பு தளர்த்துவாய். மழைக்காலத்தில் மறுபடி முறுக்குவாய். ஐந்தையும் வரிசையாகக் கட்டிலில் படுக்கவைத்துத் துடைத்து எண்ணெய் போடும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும். சாளையில் எது எந்த ஸ்வரத்துக்கு அதிரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாய். அடிக் கம்பியைத் தட்டினால் தகரம் உறுமும். அதற்கு அடுத்ததில் ஆம்ப் ஸ்பீக்கர் மேல் வைத்த டம்ளர் நகரும். "உன் சாளையையே சேத்துத்தான் வாசிக்கிறேன்" என்பாய்.

ஆனால் கதவைத் திறந்துவைத்து நாம் ஒரு நாளும் வாசித்ததில்லை. சித்திரை வெயிலில்கூட ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, ஆம்புக்கும் ஒரு சாக்கைப் போர்த்தி, என் ட்ரம்முக்குள் பழைய வேட்டியைத் திணித்து, தகரத்துக்குக் கீழே வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருப்போம். ரோட்டில் போகிற எவனாவது கேட்டு, அது சித்தூர் வரை போய்விட்டால்? ஐந்து மணிக்கு நீ சோப்புப் போட்டுக் கை கழுவுவாய். கம்பியின் இரும்பு வாசம் விரல் நுனியில் இருந்து போகாது. எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு போவாய். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஐம்பதை நெருங்கும் இரண்டு ஆண்கள் எதற்காக இப்படித் திருடர்கள்போல் இருக்கிறோம் என்று தோன்றும்.

ஒரு தடவை கேட்டும் விட்டேன். "ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாரேன்டா. அம்மிணி என்ன, உன்னைத் தின்னா போடும்?"

"அவளா வாயத் தொறந்து 'கொண்டாங்க'ன்னு சொல்லட்டும் மாப்ள. அன்னைக்கே தூக்கிட்டுப் போறேன். அவ அப்பன் முகத்தை அவ பாக்க முடியாமப் போனது என்னால. நான் எப்படிலே கேக்க?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

போன ஆவணியில், ஆபீஸ் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். மரகதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, வாரா வாரம் உங்க வீட்டுக்குத்தான் வருவாரு. என்னதான் பேசுவாரு?"

"சும்மா தோப்பச் சுத்தி வருவான் அம்மிணி. இளநி குடிப்பான்" என்றேன்.

நீ உயிரோடிருந்தபோது உனக்காகப் பொய் சொன்னேன். அவள் போன் செய்தால், மோட்டார் ஓடவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பேன். அன்று யாருக்காகச் சொன்னேன்? வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, அவிக பொருளு அவிகளுக்குச் சேரோணுமல்லங்க? சொல்லிப்போடுங்க." சொல்கிறேன் என்றேன். ஐந்து மாதம் சொல்லவில்லை. ஞாயிறு மூன்று மணிக்குச் சாளைக்குள் போய்ப் பெட்டிகளைத் திறந்து, துடைத்து, மூடிவிட்டு வருவேன். வாசிக்கவும் தெரியாது, கொடுக்கவும் முடியாது. பூட்டின் இரண்டு பக்கமும் நானே நின்றுகொண்டிருந்ததுபோல் இருந்தது.

தையில் அவளே வந்தாள். பஸ் இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள். கையில் ஒரு சின்னப் பார்சல். நீ போவதற்கு முன்பு ஆபீஸ் முகவரிக்குச் சொல்லிவைத்த ஒரு செட் கம்பிகள். தாமதமாக வந்து, யாரோ மேசையில் வைத்து மறந்து, பிறகு அவளிடம் சேர்த்திருக்கிறார்கள்.

"இது பேஸ் கம்பின்னு எனக்குத் தெரியும்ணே. கல்யாணமான புதுசுல நான்தான் பக்கத்துல உக்காந்து பிடிச்சுக் குடுப்பேன். இப்ப இது எதுக்குண்ணே அவருக்கு?"

சாளையைத் திறந்துவிட்டேன்.

ஐந்து பெட்டிகளையும் அவளே திறந்தாள். சிவப்பைப் பார்த்ததும், விற்றுவிட்டேன் என்று சொன்னாரே என்றாள். ஜன்னல் சாக்கைப் பார்த்தாள். ஆம்ப் மேல் இருந்த சாக்கைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வாசிக்கும்போது எப்படிண்ணே இருப்பாரு?"

"வாய் லேசாத் தொறந்திருக்கும். கண்ணு மூடியிருக்கும். நடுவுல அவனா சிரிச்சுக்குவான்."

"பத்தொம்போது வருசம்ணே" என்றாள். "அந்த முகத்தை எனக்குக் காட்டவே இல்லியே. எங்கிட்ட இருந்தது ஆபீஸ் போற ஆளு மட்டுந்தான். நான் அப்பன் செத்த ஆத்திரத்துல சொன்னேன். ஒரு வருசத்துல ஆறிப்போச்சு. அவரா கேப்பாரு கேப்பாருன்னு இருந்தேன். ஒரு தடவ கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

அவள் அழவில்லை. உன் ஜப்பான்காரனை மடியில் தூக்கி வைத்து, கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், சத்தம் வராமல்.

அடுத்த வாரம் வேன் கொண்டுவந்து ஐந்தையும், ஆம்பையும் ஏற்றினாள். சித்தூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளோடு வண்டிப்பெரியாருக்கே போகிறாள். ஒன்றை எனக்கு விட்டுவிட்டுப் போ அம்மிணி என்று கேட்க நாக்கு வரை வந்தது. எந்த முகத்தோடு கேட்பேன்?

இதுவரை எழுதியது நீ இருந்து பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, உன் மகள் சடங்கின்போது, பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றிவிட்டு மரகதம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, இவரு இப்பல்லாம் பாட்டே கேக்கறதில்ல. எம்மேல கோவமா இருக்காரோ? அந்த கிட்டார் விசயமா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

அவள் கதவைத் திறந்துவிட்டாள். நீ பத்து வருடமாகக் காத்திருந்த வார்த்தையின் பாதி அது. நான் மட்டும் உன்னிடம் வந்து சொல்லியிருந்தால், அன்று சாயங்காலமே சிவப்பைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய்.

"வயசாச்சில்ல அம்மிணி. அதெல்லாம் மறந்துட்டான்" என்றேன்.

உன் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. நீ வீட்டில் வாசிக்கத் தொடங்கினால் பெருமாட்டிக்கு எதற்கு வருவாய்? அப்பாவின் மூத்திர வாசமும் காய்ந்த மட்டைகளுமாக இருந்த என் வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு இருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சத்தியம் உன்னைப் பூட்டியது. சாவி என் கைக்கு வந்தபோது நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

போன வாரம் அவள் வண்டிப்பெரியாரிலிருந்து போன் செய்தாள். மகள் சிவப்பில் பழகுகிறாளாம். அங்கத்திய ஈரத்தில் நெக் முன்னால் வளைந்து, கம்பி உயரமாகிவிட்டது, அழுத்தினால் விரல் வலிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டாள். கால் திருப்பு முறுக்கு, ஒரு நாள் விடு, பிறகு பார் என்றேன். பின்னால் உன் மகள் ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள். சுருதி சேரவில்லை.

போனை வைக்கப் போனவளை நிறுத்திச் சொல்லிவிட்டேன். பந்தியில் அவள் கேட்டதை, நான் சொன்ன பதிலை, ஏன் சொன்னேன் என்பதை. ஒன்றையும் மறைக்கவில்லை.

அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. உன் மகள் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். மரகதம், "சரிண்ணே" என்றாள். போன் நின்றது.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. தண்ணீர் பாய்ச்சும்போதும், சாப்பிட உட்காரும்போதும் அந்த ஒரு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்தவள் சொல்லும் சரியா, இனி உங்களோடு பேச ஒன்றுமில்லை என்கிற சரியா? அவளோடு இருபத்துச் சொச்சம் வருடம் வாழ்ந்தவன் நீ. உனக்குக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.