இரவல் சங்கிலி

சனிக்கிழமை, 11 அக்டோபர்

மகள் யாழினியின் உதவித்தொகை விஷயமாக, அவள் மனுப் போட்டிருக்கும் விடுதிப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் இன்று எங்கள் ஊரான அசாம் ஜாவா வரைக்கும் வந்து வீட்டைப் பார்த்தார். எங்கள் கஷ்டத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்று தெரிந்தும், வெறும் மஞ்சள் கயிற்றோடு அவர் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் தடித்த சங்கிலியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். புத்தி எங்கே போயிற்றோ!

மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே டீச்சர் என் கழுத்தைப் பார்த்தார்.

"சங்கிலி அழகா இருக்கு. உங்களோடதா?"

லெட்சுமி அக்காவும் வாசலில் நின்றிருந்தார். யாழினி முந்திக்கொண்டாள்.

"ஆமா டீச்சர், அம்மாவோடதுதான்."

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். டீச்சர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

சாயங்காலம் திருப்பிக் கொடுக்கப் போனால் அக்கா வாங்கவில்லை. "வச்சிக்க லா. திரும்ப வந்து பார்த்தாங்கன்னா என்ன சொல்லுவ?"

உண்மையைச் சொன்னால் என் பிள்ளை பொய்க்காரி. சொல்லாவிட்டால் நாங்கள் வசதியானவர்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிவிட்டு அசந்து தூங்கும் வீட்டுக்காரருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

படுக்கப்போகும் முன் யாழினி மெல்லக் கேட்டாள். "படத்துல சங்கிலி தெரியுமாம்மா?"

தெரியாது என்றேன். படம் எடுக்கும்போது நான்தான் அதை முந்தானைக்கு மேலே இழுத்துவிட்டேன்.