வெள்ளைத் தாளில் பச்சைப் பொடி

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை மலருக்கு, அக்கா அமுதவள்ளி எழுதுவது. ஜொகூர் பாருவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

கோழி கிறுக்கிய மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் மாவுக்கட்டு. குளியலறையில் விழுந்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டு வீரம்மாவிடம் சொன்னேன். "இந்தத் தாமான் குடியிருப்பிலேயே உன் வீட்டுக் குளியலறை மட்டும்தான் இப்படி வழுக்குகிறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நாக்கு நீளம், கண் அதைவிட நீளம்.

இந்த முறை காளானால் வந்தது. போன வார மழையில் கொல்லைப் புல்லில் குடை குடையாக முளைத்தது. கேரி தீவு எஸ்டேட்டில் சின்ன வயதில் தின்ற புற்றுக்காளான் என்று உன் அத்தான் குதித்தார். என் வாய் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா யூடியூப் பார்த்துச் சொன்னபடி, ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தேன். காலையில் தாளெல்லாம் பச்சைப் பொடி. புற்றுக்காளான் பச்சையாகப் பொடி விடாது, இது விஷம் என்று பரிசு வாங்கிய பிள்ளைபோலத் தாளை நீட்டினேன்.

அவருக்கு எஸ்டேட்டுச் சோதனைதான் வேதம்; அந்தக் காளானையே என்னைக் குழம்பு வைக்கச் சொன்னார். குழம்பில் போட்ட வெள்ளி கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் விருந்து. வீட்டில் இருக்கும் வெள்ளி என் மெட்டிதான். காலை வாரி இழுத்தார். வீங்கிய விரலிலிருந்து மெட்டி வரவில்லை. பிளையரால் தோலோடு கழற்றினார். குழம்பில் அது கறுக்கவில்லை. என் முடியைப் பிடித்து முகத்தைச் சட்டியில் அழுத்தினார்.

"வெஷம்னு சொன்ன வாய்தானே. அதே வாய் மொதல்ல சாப்பிடட்டும் லா."

திமிறினேன். மணிக்கட்டை முறுக்கினார். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். இந்த வயதிலும் என் எலும்பு இளசுதான் போலிருக்கிறது. ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கொல்லைக்கு ஓடி விரலை விட்டுக் கக்கினேன். தான் சொன்னதே சரி என்று காட்ட, அவர் மீதிச் சட்டியைக் காலி செய்தார்.

இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பிறகு ரத்தம். தரையில் சுருண்டு என் காலைப் பிடித்தார், அதே காலை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிடம், மலர். அதன் பிறகுதான் மும்தாஜ் அக்கா வீட்டுக் கதவைத் தட்டி ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

பிழைத்துவிட்டார். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காளானில் குற்றமில்லை, இவள் ஆக்கியதில்தான் குற்றம் என்று வார்டு முழுக்கச் சொல்கிறாராம். வந்ததும் மறுபடி ஆக்கச் சொல்வாராம். என் போனும் அவர் தலையணைக்கு அடியில்தான். இந்தக் கடிதத்தை நாளை மும்தாஜ் அக்கா விரைவு அஞ்சலில் போடுவார்.

நேற்றும் மழை. இன்று காலை பதினோரு குடை முளைத்திருக்கிறது. எது எதுவென்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

இருபத்தாறு வருஷம் உன்னிடமும் வழுக்கி விழுந்த கதைதான் சொன்னேன், மன்னித்துக்கொள். புதன்கிழமைக்குள் காரை எடுத்துக்கொண்டு வா. எனக்கு இரண்டு பைதான். மெட்டி சட்டியின் அடியிலேயே கிடக்கிறது, எடுக்கவில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். காளானை நான் இன்னும் பறிக்கவில்லை. பறிப்பதற்குள் வந்துவிடு.

உன் அக்கா,
அமுதவள்ளி