வீட்டுக்குள்ளேயே வேலைக்குப் போனேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

என் கணவர் கடலிலிருந்து வந்து படுத்தால், மாமியார் கதவைச் சாத்திவிட்டு யாரையும் பேசக்கூட விடமாட்டார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தால் மட்டும், "வூட்லதானே கீற, கருவாட்டத் திருப்பிப் போட்டுட்டு வா" என்பார்.

இன்று காலை வெளியே போகிற சேலையைக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு, "வேலைக்குப் போறேன் அத்தை" என்றேன்.

"எங்கடி போற?"

"உள்ரூமுக்கு."

தாழ்ப்பாள் போட்டேன். சாயங்காலம் வரை யாரும் தட்டவில்லை. வெளியே வந்தபோது கருவாட்டை அவரே திருப்பிப் போட்டிருந்தார். "வந்துட்டியா?" என்று டீயை நீட்டினார். இதுவரை மகனிடம் மட்டுமே அப்படிக் கேட்டிருக்கிறார்.

அப்படியும் என் கணவர்மேல் பொறாமை போகவில்லை. எந்த வேஷமும் போடாமலே அவர் படுத்ததும் தூங்கிவிட்டார். நான் நாளைக்கு எந்தச் சேலை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.